ஜென்மப்பாவம்

ஆதாமின் மீறுதலால் மனித இயல்பே கோணிப்போனது, ஆகவே பிறவியிலேயே மனிதன் கடவுளை விட்டு விலகும் நாட்டம் கொண்டிருக்கிறான் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரமும் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரமும் இதற்கு அடிப்படை. இதைக் கோட்பாடாக வளர்த்தவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430).

பதினாறு வயதில் அவர் செய்த ஒரு திருட்டு இதில் முக்கியமானது. தகாஸ்தே ஊரில், அவர் குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. இரவில் கூட்டாளிகளோடு போய் மரத்தை உலுக்கி, காய்களை அள்ளி வந்தார். ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்ததோடு சரி. மற்றதெல்லாம் பன்றிகளுக்குப் போயிற்று. பசியும் இல்லை, இதைவிட நல்ல காய்கள் வீட்டிலேயே இருந்தன. கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய 'ஒப்புதல்கள்' நூலில், ஆயரான அகுஸ்தீன் இதைப் பல பக்கங்களுக்குத் துருவித் துருவி ஆராய்கிறார். அற்பத் திருட்டுக்கு இத்தனை பக்கமா என்று தோன்றலாம். ஆனால் எந்த லாபமும் இல்லாமல், தவறு என்பதற்காகவே தவறைச் செய்ய மனம் ஏன் துடித்தது என்ற கேள்வி இந்த அற்பத்தனத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலாஜியுஸ், மனித இயல்பு பிறவியிலேயே கோணியது என்பதை ஏற்கவில்லை. கட்டளையிட்ட கடவுள் அதற்குக் கீழ்ப்படியும் ஆற்றலையும் மனிதனுக்குத் தந்திருக்கிறார். ஆதாம் விட்டுச்சென்றது கெட்ட முன்மாதிரி மட்டுமே என்பது அவர் வாதம். அவரைப் பாவத்தை லேசாக எடுத்துக்கொண்டவர் என்று நினைப்பது அநியாயம். கிறிஸ்தவர்கள் சாக்குச் சொல்லித் தப்பக்கூடாது என்ற கண்டிப்பே அவரை அப்படிப் பேச வைத்தது.

410-இல் விசிகோத்தியர் ரோமைச் சூறையாடிய காலத்தில் அவர் ஆப்பிரிக்காவுக்கும், பிறகு பாலஸ்தீனத்துக்கும் போனார். 415-இல் அங்கே கூடிய ஆயர்கள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அவருடைய போதனையைக் கண்டித்தது. பாவமன்னிப்புக்காகக் கொடுக்கப்படும் ஞானஸ்நானத்தைக் கைக்குழந்தைக்கும் கொடுக்கிறோமே, குழந்தை செய்த பாவம் என்ன என்று அகுஸ்தீன் எழுப்பிய கேள்விக்கு எதிர்த்தரப்பால் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை.

கடவுளிடம் திரும்பும் முதல் அடிக்கே கடவுளின் அருள் வேண்டும் என்று 529-இல் ஒராஞ்சு சங்கம் தீர்மானித்தது. கிழக்கத்திய சபைகளோ, ஆதாமிடமிருந்து மரணமும் சீரழிவும் வந்தன, அவனுடைய குற்றம் வரவில்லை என்ற நிலையிலேயே நின்றன. 1525-இல் அறிஞர் எராஸ்முஸுக்கு மறுப்பு எழுதிய சீர்திருத்தவாதி லூத்தர், மனித சித்தம் அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்றார். 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், ஞானஸ்நானத்துக்குப் பின்பும் தீய நாட்டம் எஞ்சும், ஆனால் அந்த நாட்டமே பாவமாகாது என்று வரையறுத்தது.

ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் தண்டனைக்குத் தப்புவதில்லை, ஆனால் அது மிக லேசானது என்று அகுஸ்தீன் எழுதியிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களை நூற்றாண்டுக் கணக்கில் வாட்டிய போதனை இது. இடைக்கால இறையியலாளர்கள் வேதனையில்லாத 'லிம்போ' என்ற நிலையைச் சொல்லி அதைத் தணித்தார்கள். 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று அறிவித்தது.