முகவரி இல்லாத பக்கங்கள்

1996இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 பிரேம்களைக் கொண்டுவந்தது. பிறகு டிரீம்வீவர் மாதிரி மென்பொருள்களில் ஓரத்தை மவுஸால் இழுத்தாலே பக்கம் இரண்டாகப் பிரியும்: இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் கட்டுரை. டயலப் காலத்தில் பட்டியல் மறுபடி மறுபடி இறங்க வேண்டாம், பெரிய லாபம்தான்.

ஆனா உள்ளே எதைத் திறந்தாலும் மேலே ஒரே முகவரி. விழுப்புரம் மாவட்டத் தளம் ஒன்றை இப்படிக் கட்டினால், கல்வராயன் மலைப் பக்கத்தின் முகவரின்னு நண்பருக்கு அனுப்பறது முகப்பைத்தான் திறக்கும். தேடுபொறி வழியா வந்தாலோ பட்டியல் இல்லாத வெறும் கட்டுரை.

2014இல் எச்.டி.எம்.எல் 5 இந்த பிரேம்செட்டைக் கைவிட்டது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாச்சு. என்னைக் கேட்டால், சின்ன ஊரைப் பற்றிய பக்கத்துக்குத்தான் தனி முகவரி முதலில் வேணும். பெரிய ஊரைத் தேடி யாரும் வருவாங்க. இதை யாராவது சுட்டிக்காட்டினால்தான் உண்டு.