விசாவில் வந்த வாசகர்கள்

பொத்தேரியில் இன்ஜினீயரிங் முடித்த ஒரு பையனுக்கு துபாயில் வேலை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். போய் இறங்கிய மறுநாள் காலை டீயோடு அவன் என்ன பேப்பர் படிப்பான்? அரபியில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் கவலை இல்லை. 'கல்ஃப் நியூஸ்', 'கலீஜ் டைம்ஸ்' என்று இங்கிலீஷிலேயே தினசரிகள் இருக்கின்றன.

நாடு அரபு நாடு, ஜனங்கள் பேசுவது அரபி. அப்புறம் எதற்கு இங்கிலீஷ் பேப்பர்? வெள்ளைக்காரனுக்காக என்று சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். எகிப்து விஷயத்தில் அது சரி. அங்கே 1880ல் தொடங்கிய 'எஜிப்ஷியன் கெஸட்', பிரிட்டிஷ்காரர்கள் படித்த பேப்பர். நம் ஊரில் 1868ல் வந்த 'மெட்ராஸ் மெயில்' மாதிரி.

வளைகுடா கதை வேறு. 1961 ஜூனில் குவைத் சுதந்திரம் பெற்றது. மூன்றே மாதத்தில், செப்டம்பரில், யூசுஃப் அல்யான் என்பவர் 'குவைத் டைம்ஸ்' ஆரம்பித்தார். வளைகுடாவின் முதல் இங்கிலீஷ் தினசரி. ஒரு சுவாரஸ்யம், அதே ஆண்டு ஏப்ரலில் தினார் வரும்வரை குவைத்தில் புழங்கியது ரூபாய்தான்! வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனி நிறத்தில் நோட்டு அடித்துக் கொடுத்திருந்தது. இந்தியாவோடு அந்தக் கடற்கரைக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் அப்படி.

பிறகு வந்தது 1973. அரபு நாடுகள் எண்ணெயைக் கையில் எடுத்தன. பீப்பாய் சுமார் 3 டாலர் விற்ற எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. கொட்டிய பணத்தில் சாலை, துறைமுகம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்ட வேண்டும். ஆள்? கேரளத்திலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து, பாகிஸ்தானிலிருந்து, பிலிப்பைன்ஸிலிருந்து விமானம் விமானமாகப் போய் இறங்கினார்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டுமே, அது இங்கிலீஷ்.

பேப்பர்களும் வரிசையாக வந்தன. 1975ல் சவுதியின் ஜெட்டாவில் 'அராப் நியூஸ்'. 1978 ஏப்ரலில் துபாயில் 'கலீஜ் டைம்ஸ்', அதே ஆண்டு செப்டம்பரில் 'கல்ஃப் நியூஸ்'. முதலாளி அரபு, எழுதியவர்களிலும் பிழை திருத்தியவர்களிலும் நிறையப் பேர் இந்தியர்கள்.

இந்தப் பேப்பர்களில் உள்ளூர் அரண்மனைச் செய்தி முதல் பக்கத்தில் இருக்கும். நம்மாள் தேடுவது வேறு. ஒரு திர்ஹாம் இன்றைக்கு எத்தனை ரூபாய்? தங்கம் கிராம் என்ன விலை? ஷார்ஜாவில் யார் ஜெயித்தார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுமன்னிப்பு அறிவிப்பு. விசா காலாவதியாகி ஒளிந்து வாழ்கிறவர்கள் அபராதமில்லாமல் ஊர் திரும்பலாம் என்று அமீரக அரசு அவ்வப்போது அவகாசம் தரும். 2007ல் தந்தது, 2018லும் தந்தது. தேதியைத் தவறவிட்டால் ஜெயில். தொழிலாளர் முகாமில் நாலெழுத்து இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் இருந்தால், மொத்த அறைக்கும் அவர்தான் நியூஸ் ஏஜென்ஸி.

சரி, வராதது என்ன? 1980ல் அமீரகம் போட்ட பத்திரிகைச் சட்டம் தெளிவாகவே சொன்னது: நாட்டின் தலைவரையும் ஆட்சியாளர்களையும் விமரிசிக்கக் கூடாது. 2023ல் புதுச் சட்டம் வந்தது. லட்சுமணக் கோடு மட்டும் அழியவில்லை.

இங்கேதான் நம் மெட்ராஸ் ஞாபகத்துக்கு வருகிறது. 1878ல் முத்துசாமி ஐயரை ஹைகோர்ட் நீதிபதியாக நியமித்தபோது வெள்ளைக்காரப் பத்திரிகைகள் முகம் சுளித்தன. கொதித்துப்போன ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் 'தி ஹிந்து'. அன்று வாரப் பத்திரிகை, 1889ல் தினசரி. அவர்களும் இங்கிலீஷில்தான் எழுதினார்கள். ஆள்கிறவனுக்கு உறைக்க வேண்டும் என்று, அவன் மொழியிலேயே.

அதே இங்கிலீஷ், வளைகுடாவில் ஏன் கேள்வி கேட்கவில்லை? தைரியக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஜி.சுப்பிரமணிய ஐயரை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்ப முடியும்? அவர் இந்த மண்ணின் ஆள். வளைகுடாவிலோ எழுதுகிறவர், அச்சடிக்கிறவர், படிக்கிறவர் மூவருமே பெரும்பாலும் விசாவில் வந்தவர்கள். ஒரு தலையங்கம் பிடிக்காமல் போனால் விமான டிக்கெட் ரெடி. அமீரகத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டார். ஊரையே நடத்துகிறவர்கள், ஆனால் ஊர்க்காரர்கள் இல்லை.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் 'குவைத் டைம்ஸ்' நின்றுபோனது. அதைப் படித்துக்கொண்டிருந்த இந்தியர்கள் பெட்டி படுக்கையை விட்டுவிட்டு ஜோர்டானின் அம்மான் நகருக்கு ஓடினார்கள். அங்கிருந்து ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஊருக்கு அள்ளி வந்தது.

1991 பிப்ரவரியில் குவைத் விடுபட்டது. பேப்பர் திரும்ப வந்தது. நம்மாட்களும் திரும்பப் போனார்கள். மறுபடி அதே மூலையைத்தான் புரட்டினார்கள்: ஒரு தினார் இன்றைக்கு எத்தனை ரூபாய்?