பகிர்வுச் சேவையகமும் போலி அனுப்புநர் முகவரியும்

மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இடம்பெறுகிறது. ஒன்று உறைமேல் முகவரி: அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் உரையாடலில் ‘மெயில் ஃப்ரம்’ கட்டளையோடு தரப்படுவது, மடல் சேராவிட்டால் அறிவிப்பு திரும்பிச் செல்லுமிடம். மற்றொன்று மடலின் தலைப்பகுதியிலுள்ள ‘ஃப்ரம்’ வரி. பெறுபவர் கண்ணில் படுவது இதுதான். எஸ்எம்டிபியை வரையறுத்து 1982-இல் வெளியான ஆர்எஃப்சி 821, அனுப்புபவர் யார் என்பதை உறுதிசெய்ய வழி எதையும் வகுக்கவில்லை. பல தளங்கள் ஒரே ஐபி முகவரியில் குடியிருக்கும் சேவையகத்தில் இக்குறை மிகக் கடுமையாகிறது: ஒருவர் அனுப்பும் குப்பை அஞ்சலால் அந்த ஐபி தடைப்பட்டியலில் ஏறினால், எல்லோருடைய மடல்களும் திருப்பப்படுகின்றன.

அனுப்புநரைச் சரிபார்க்கப் பின்னர் வந்த எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று முறைகளும் பெறும் முனையில் சோதிக்கப்படுபவை. ஒரு டொமைனின் பெயரில் எந்த ஐபியிலிருந்து அஞ்சல் வரலாம் என்பதை மட்டுமே எஸ்பிஎஃப் சொல்கிறது. துணிக்கடை ஒன்றும் பள்ளி ஒன்றும் ஒரே சேவையகத்தில் இருந்தால், கடையின் கணக்கிலிருந்து பள்ளியின் பெயரில் போகும் மடலும் அச்சோதனையில் தேறிவிடும். டொமைனின் பெயரில் மடலுக்கு மின்கையொப்பமிடும் டிகிமில் ஆபத்து இன்னும் பெரிது. ‘ஃப்ரம்’ வரியிலுள்ள டொமைனை மட்டும் பார்த்துச் சேவையகம் கையொப்பமிடுமானால், பக்கத்துக் கணக்கில் எழுதப்பட்ட போலி மடலுக்குப் பள்ளியின் உண்மையான கையொப்பமே விழுகிறது. இவ்விரண்டின் முடிவை ‘ஃப்ரம்’ வரியோடு ஒப்பிடும் டிமார்க்கும் அதை ஏற்கும். மடல் எந்தக் கணக்கிலிருந்து புறப்பட்டது என்பது அனுப்பும் சேவையகத்துக்கு மட்டுமே தெரியும். ஆகவே தடுக்க வேண்டிய இடமும் அதுவே.

போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் சேவையக மென்பொருளில், எந்த முகவரியை எந்தப் பயனர் பயன்படுத்தலாம் என்ற அட்டவணையை அமைத்து, பொருந்தாத மடலை மறுக்கலாம். ஆனால் இந்த விதி உறைமேல் முகவரியைத்தான் பார்க்கிறது. ‘ஃப்ரம்’ வரியைச் சோதிக்க மில்டர் எனப்படும் வடிகட்டி தனியே வேண்டும். இதைச் செய்யாமல் விடுவது, பூட்டைப் போட்டுவிட்டுச் சன்னலைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

இதைவிட அதிகம் மறக்கப்படுவது, சேவையகத்துக்குள்ளிருந்தே மடல் புறப்படும் உள்வழி. பிஎச்பி நிரலின் ‘மெயில்’ செயற்கூறு கடவுச்சொல் எதுவுமின்றி, ‘செண்ட்மெயில்’ நிரல் மூலம் மடலை வரிசையில் சேர்க்கிறது. எஸ்எம்டிபி விதிகள் அங்கே எட்டுவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 3.6 பதிப்பிலிருந்து இவ்வழிக்கும் பயனர் வாரியான அட்டவணை உண்டு; அதுவும் உறைமேல் முகவரிக்கே. மற்றோர் அஞ்சல் மென்பொருளான எக்ஸிம் இயல்பு நிலையில், ‘ஃப்ரம்’ வரி பொருந்தாவிட்டால் உண்மைப் பயனரின் முகவரியை ‘செண்டர்’ வரியாகச் சேர்க்கும், மடலைத் தடுக்காது. நிரல்கள் நேரே வெளியுலகின் 25-ஆம் துறைக்குப் போவதையும் தீயரணால் அடைக்க வேண்டும்.

கட்டுப்பாடு வந்ததும் முதலில் முடங்குவது தொடர்புப் படிவங்கள்தாம். அவற்றில் பல, தளத்துக்கு வருபவரின் முகவரியை ‘ஃப்ரம்’ வரியில் இடுகின்றன. அது நேர்மையான நோக்கமே என்றாலும் விலக்கு அளிக்கத் தக்கதன்று: ‘ஃப்ரம்’ வரியில் தளத்தின் முகவரியும் ‘ரிப்ளை-டு’ வரியில் வந்தவர் முகவரியும் இருந்தால் போதும்.

முகவரியைக் கணக்கோடு பிணைக்கும் இந்தக் கட்டுப்பாடு, திருடப்பட்ட கடவுச்சொல் பயன்படுத்தப்படுவதைத் தடுக்காது. ஆனால் திருடியவர் அந்தக் கணக்குக்குரிய முகவரியில் மட்டுமே எழுத முடியும். ஒரு மணிநேரத்தில் அனுப்பத்தக்க மடல்களின் வரம்பையும் முகவரியை வைத்து அல்லாமல் கணக்கை வைத்தே எண்ண வேண்டும். குப்பை மடல் ‘மெயில்’ செயற்கூறு வழியே போனதாயின், பிஎச்பி 5.3 முதல் கிடைக்கும் அமைப்பு ஒன்று, அனுப்பிய கோப்பின் பெயரையும் பயனர் எண்ணையும் தலைப்பில் பதித்துவிடும். மேலாளர் அந்தப் பயனரின் கோப்புகளில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.