எச்சரிக்கை மணியும் அட்டவணையும்: குமரிக் கடற்கரை சொல்லும் வரலாறு

கணினித் துறையில் 'லாக்' என்று ஒன்று உண்டு. ஒரு சர்வரில் நடக்கும் ஒவ்வொரு செயலையும் நேரத்தோடு வரிவரியாக எழுதி வைக்கும் பதிவேடு அது. அந்த வரிகளில் பெரும்பாலும் எண்கள்தான் இருக்கும். அந்த எண் யாருடைய கணினி, அந்தக் கணக்கு இன்னும் வேலையில் இருப்பவருடையதா என்ற விவரமெல்லாம் வேறொரு அட்டவணையில் இருக்கும். பதிவேட்டில் வந்த வரியை இந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மென்பொருள் தானாக எச்சரிக்கை அனுப்புகிறது. அட்டவணை இல்லை என்றால் ஒன்று எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும், இல்லை எதற்குமே அடிக்காது.

கடல் எச்சரிக்கையும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. இந்த அட்டவணை இல்லாததால் என்ன நடக்கும் என்பதை கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு முறை பார்த்திருக்கிறது.

2004: பதிவு இருந்தது, அட்டவணை இல்லை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28-க்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. பின்னாளில் கணக்கிட்டபோது அதன் அளவு 9.1. உலகெங்கும் நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்தன. ஹவாய் தீவுகளில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் ஓர் அறிவிப்பும் வெளியிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை என்றது அந்த அறிவிப்பு. அந்த மையத்தின் பொறுப்பு பசிபிக் நாடுகளோடு முடிந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஓர் எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது.

அலை இலங்கையைச் சுற்றி வளைந்து குமரிமுனையைத் தாண்டி மேற்குக் கரைக்கும் வந்தது. குளச்சலை அடைய அதற்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அத்தனை நேரமும் யாருக்கும் பயன்படாமல் போயிற்று. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்கள் சிதைந்தன. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களை இழந்தது குமரி மாவட்டம்தான்.

வங்கக் கடலுக்கு சுனாமி புதிதும் அல்ல. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகளை இந்தியத் துறைமுகங்களில் இருந்த கடல்மட்ட அளவுமானிகள் அன்றே பதிவு செய்திருந்தன. அந்தப் பதிவு ஏட்டில் இருந்தது. எச்சரிக்கையாக மாறவில்லை.

ஐதராபாத்தில் ஒரு அட்டவணை

2007 அக்டோபர் 15 அன்று ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நிலநடுக்கம் வந்த பிறகு அலையைக் கணக்குப் போட உட்கார்ந்தால் நேரம் போதாது. நிக்கோபார் போன்ற தீவுகளுக்கு அலை அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். எனவே எந்த இடத்தில், எந்த அளவில் நிலம் அதிர்ந்தால் எந்தக் கரைக்கு எத்தனை நிமிடத்தில், எவ்வளவு உயர அலை வரும் என்று முன்கூட்டியே கணினியில் கணக்கிட்டுச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

நிலநடுக்கத்தின் இடமும் அளவும் தெரிந்தவுடன் அட்டவணையில் அதற்கு நெருக்கமான வரி தேடப்படுகிறது. அதில் உள்ள அலை உயரத்தைப் பொறுத்து ஒவ்வொரு கரைக்கும் தனித்தனி எச்சரிக்கை நிலை அறிவிக்கப்படுகிறது. பிறகு கடலடி அழுத்தமானிகளும் கடல்மட்ட அளவுமானிகளும் சொல்வதைப் பார்த்து அந்த நிலை உயர்த்தப்படும் அல்லது விலக்கப்படும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது இந்த முறை சோதிக்கப்பட்டது. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் நீர் பெரிதாக மேலெழவில்லை, சிறிய அலைதான் வந்தது. கடலுக்குள் இருந்த கருவிகள் அதை உறுதி செய்ததும் அன்று மாலையே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. அட்டவணையை மட்டும் நம்பாமல் நேரடி அளவீட்டோடு சரிபார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2017: இன்னொரு அட்டவணை இல்லை

2017 நவம்பர் 29 அன்று இலங்கை அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் 'ஒக்கி' புயலாக மாறியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். பலர் புயலுக்கு முன்பே வெகுதூரம் சென்றிருந்தார்கள். அங்கே செல்போன் கோபுரம் எட்டாது. கரையில் அறிவித்த எச்சரிக்கை அவர்களைச் சேரவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பிறகு வந்தது. கடலில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நம்பகமான ஒரே பட்டியல் இல்லை. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பதை வீடு வீடாகக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. அரசு சொன்ன எண்ணிக்கையும் ஊர்க்காரர்கள் சொன்ன எண்ணிக்கையும் பொருந்தவில்லை. யாரைத் தேடுவது என்று தெரியாமலே தேட வேண்டிய நிலை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

2019-ல் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. கோபுரம் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெற அது உதவுகிறது. ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை. படகு இருக்கும் இடத்தைக் காட்டி, செய்தியும் அனுப்பக்கூடிய கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கப்பட்டது.

எச்சரிக்கை அமைப்பு என்றதும் எல்லோருக்கும் கருவிதான் நினைவுக்கு வருகிறது. 2004-ல் நிலநடுக்கமானிகளும் இருந்தன, 2017-ல் வானிலை செயற்கைக்கோள்களும் இருந்தன. முதல் முறை இல்லாமல் போனது அலை எங்கே, எப்போது வரும் என்ற அட்டவணை. இரண்டாம் முறை இல்லாமல் போனது கடலில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல். முதலாவதை ஒரு முறை கணக்கிட்டால் பல ஆண்டுகளுக்கு உதவும். இரண்டாவதைப் படகு கரையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும்.