கூத்துக் களரியும் அரசாங்கத்தின் பணப்பையும்

கலை வாழ வேண்டுமாயின் கலைஞனுக்குச் சோறு வேண்டும். அச்சோற்றை இடுபவர் யார், இட்டபின் அவர் கேட்பது யாது என்னும் வினாக்கள் பழையன. பாசையூர், குருநகர் முதலிய கூத்து வளர்ந்த ஊர்களுக்கு அயலிலே கொழும்புத்துறையில் வாழும் நாம் இவற்றை ஆராய்வது பொருத்தமேயாம்.

நம் முன்னோர் காலத்தில் ஊரே புரவலர். மாதக் கணக்கில் கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு ஊரவர் பணமும் நெல்லும் வேட்டி சால்வையும் கொடுத்தனர். ஆடுபவரின் வீட்டாரே பெரும்பாலும் உடுப்புச் செலவையும் ஏற்றனர். விடிய விடிய ஆடினர்; அரசாங்கத்தை ஒருவரும் நினைத்தாரில்லை.

அரசாங்கம் கலையிடம் முதலில் வந்தது பணத்துடன் அன்று, சட்டத்துடன். வங்கத்திலே நீல் தர்ப்பண் முதலான நாடகங்கள் வெள்ளைத் துரைமாரின் கொடுமையை மேடையிலே காட்டின. 1876 இல் இந்தியாவில் நாடகத் தடைச் சட்டம் பிறந்தது. இலங்கையிலும் 1912 இல் பொது அரங்காட்சிகளைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் ஏற்பட்டது.

பணம் பின்னர் வந்தது. பொருளியல் அறிஞர் கெயின்ஸ் வகுத்த வழியில் 1946 இல் பிரித்தானியக் கலைக்கழகம் அரச சாசனம் பெற்றது. பணம் அரசாங்கத்தினுடையது, யாருக்குக் கொடுப்பது என்ற தீர்ப்போ கழகத்தினுடையது. மந்திரி நாடகப் பிரதியிலே கைவைக்கலாகாது என்பதே அதன் உட்கருத்து. 1952 இல் நம் நாட்டிலும் சட்டப்படி கலைக்கழகம் அமைந்தது. பெயர் ஒன்றாயினும் காற்று வேறு. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. கலாசார அலுவல்களும் ஒரு மந்திரியின் பொறுப்பாயின. தமிழ்க் கலை அந்தப் பணப்பையிலிருந்து எதைப் பெறும் என்று பலரும் ஐயுற்றது இயல்பே.

அந்த இக்கட்டிலே கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராதனைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் ஊரூராகச் சென்று அண்ணாவிமாரைத் தேடினார். போட்டிகள் நடந்தன, பரிசுகள் கிடைத்தன, படித்தவர் ஏளனஞ் செய்த கூத்தர் மேடையிலே கௌரவம் பெற்றனர். 1962 இல் மட்டக்களப்பின் அலங்காரரூபன், 1964 இல் மன்னார்க் கத்தோலிக்கரின் எண்டிறீக்கு எம்பரதோர் ஆகிய நாடகங்களை அவர் பதிப்பித்தார். இவற்றுள் அரசாங்கத்தைப் புகழும் வரி ஒன்றும் இல்லை. சைவராகிய அவர் கத்தோலிக்க நாடகத்துக்குத் தந்த இடத்தையும் நாம் மறத்தலாகாது.

எனினும் விலையொன்று கொடுக்கப்பட்டது. பேராதனையில் அவர் மேடையேற்றிய கர்ணன் போர், இராவணேசன் முதலியன விடியும்வரை ஆடும் கூத்தை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கின. வட்டக் களரியை விட்டுத் திரையுள்ள மேடைக்கு ஏற்றின. அழகு கூடியது உண்மை. ஆயினும் கூத்து எவ்வளவு நீளலாம் என்று முன்பு சொன்னவர் அண்ணாவியார். இப்பொழுது சொல்பவர் அறிஞர். தடைச் சட்டம் கலையை வாசலிலே மறிக்கும். பரிசோ உள்ளே வந்திருந்து மெல்ல மெல்ல மாற்றும். இரண்டாவதைக் கண்டுகொள்வது கடினம்.

அப்படியானால் ஊர்ப் பணமே தூயது என்பாருமுளர். அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. யார் எந்த வேடம் கட்டலாம், யார் எங்கே நின்று பார்க்கலாம் என்பதில் ஊரின் சாதி ஒழுங்கும் தன் கையை வைத்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அதைத் தொடர்ந்து என். கே. ரகுநாதன் கந்தன் கருணை என்னும் நாடகத்தை எழுதினார். அம்பலத்தாடிகள் அதனைக் காத்தவராயன் கூத்துப் பாணியிலே ஆடினர். முருகனே அடியாருக்காக வாயில் திறக்க வரும் அக்கதையைத் தம் கோயில் வீதியிலே ஆட அந்நாளில் எந்தத் தருமகர்த்தா இடங்கொடுத்திருப்பார் என்பதை நம் பெரியோரே சொல்லட்டும்.