அறுகம் குடா: வீடு, காணி மதிப்பு

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், பொத்துவில் நகருக்குத் தெற்கேயுள்ள கடலோரக் குடியிருப்பு; உல்லை எனவும் வழங்கும். அலைச்சறுக்கலுக்கு உலகப் புகழ் பெற்றது. காணி விலை பேர்ச் கணக்கில் பேசப்படுகிறது. 160 பேர்ச் ஓர் ஏக்கர்.

மதிப்பைத் தீர்மானிப்பவை: கடலுக்கும் பிரதான வீதிக்கும் உள்ள அண்மை, மே முதல் ஒக்டோபர் வரையான பருவ வருமானம், உரித்து ஆவணம். தனியார் உரித்து உறுதி உள்ள காணியை உரிமையாளர் தாமே விற்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைக் கைமாற்ற அரச ஒப்புதல் வேண்டும். ஆகவே அடுத்தடுத்த இரு வளவுகள்கூட ஒரே விலை பெறாமல் போகலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் அறிவிக்கப்பட்ட 200 மீற்றர் கட்டடத் தடை வலயம் மீள்கட்டுமானத்தை முடக்கியது, பின்னர் தளர்த்தப்பட்டது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது மரபு. எனவே அத்தகைய வீட்டின் சந்தை விலை அதன் மதிப்பின் ஒரு பகுதி மட்டுமே.