ஊட்டியில செஞ்ச பிலிம்

ஊட்டியில ஒரு பிலிம் ஆலை இருந்தது உங்கள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். மத்திய அரசு 1960-ல் தொடங்கிய கம்பெனி. 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து'ங்கிற பேர்ல கருப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், பிரிண்ட் போடுற பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தது. அந்த இடத்துக்கே இந்து நகர்னுதான் பேர்.

பிலிம்ல பூசுறது வெள்ளி உப்பு. அதைப் பிடிச்சு வைக்கிற ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிறது. மாடு வெச்சுப் பிழைக்கிற எனக்கே இது ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது.

120 ரோல்ல சதுரமா எடுத்தா 12 படம்தான். ஸ்டுடியோக்காரர் எண்ணி எண்ணித்தான் எடுப்பார். 1978-ல் எங்க அக்கா கல்யாணத்துல ஒரு படம் மிஞ்சிப்போச்சு. பந்திக்கு இலை நறுக்கிட்டிருந்த அம்மாவைச் சொல்லாம கொள்ளாம எடுத்துட்டார். முந்தானையை இடுப்புல செருகி, கையில கத்தி, முகத்துல சிரிப்பு. இப்போ தெருவுல நடக்கிறதை அப்படியே எடுத்து 'ஸ்ட்ரீட் போட்டோ'ன்னு போடுறாங்களே, நான் பார்த்த முதல் படம் அதுதான். அம்மாவுக்கு வேற படமே கிடையாது.

கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, ஆலையை மூடிட்டாங்க. போன வருஷம் என் போன் கிணத்துல விழுந்து பேரன் படமெல்லாம் போச்சு. அம்மாவோட நெகட்டிவ் டிரங்குப் பெட்டியில பத்திரமா இருந்தது. மகன் அதை டவுன்ல ஸ்கேன் பண்ணிட்டு வந்தான். சின்ன பிரிண்ட்ல வெறும் இருட்டாத் தெரிஞ்ச தூணோரம் ஒரு பொடியன் நிக்கிறான். டவுசர் போட்ட நான்.